காய் சந்தைக்கு, கீரை ஆட்டுக்கு!

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வரும் சரக்கில் முருங்கைக்காய்க்குத் தனி இடம் உண்டு. சுற்று வட்டாரத்திலிருந்தும், மூலனூர், அரவக்குறிச்சி போன்ற வறட்சிப் பகுதிகளிலிருந்தும் கட்டுக் கட்டாக வரும் காய் இங்கிருந்து கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் லாரி ஏறுகிறது. காய்ப்பு ஓய்ந்ததும் விவசாயி செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி உயரம் விட்டு வெட்டி மறுதாம்புக்கு விடுகிறார். வெட்டிய கிளைகள் வரப்போரம் குவிகின்றன. மறுநாள் போய்ப் பார்த்தால் ஆடுகள் இலையை உருவித் தின்றுவிட்டு வெறும் குச்சியைப் போட்டிருக்கும். அன்று அந்த வீட்டில் என்ன சமையல் என்று விசாரித்தால், சந்தையிலிருந்து திரும்பும்போது காசு கொடுத்து வாங்கி வந்த முட்டைக்கோஸ் பொரியல் என்று பதில் வந்தாலும் வியப்பதற்கில்லை.

இது முருங்கைப் பகுதிக்கு மட்டும் உரிய கதை அல்ல. காய்கறி பயிரிடும் ஊர்கள் பலவற்றிலும் விற்பதற்கு உரியது எது, வீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது எது என்ற கணக்கு சந்தை விலையை வைத்தே போடப்படுகிறது. விலை கிடைக்காதது மட்டமானது என்ற எண்ணம் படிந்துவிட்டது. கீரை ஏழை வீட்டுக் கறி. காரட்டும் கோஸும் பீன்ஸும் "இங்கிலீஷ் காய்" என்பதால் விருந்துக்கு ஏற்றவை. ஆனால் சத்தைத் தராசில் போட்டால் வரிசை தலைகீழாக மாறுகிறது.

எண்கள் சொல்வது என்ன?

நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்து அளவுகளை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல்லாண்டுகளாகச் சோதித்து அட்டவணையாக வெளியிட்டு வருகிறது. டாக்டர் சி. கோபாலனும் அவருடன் பணியாற்றியவர்களும் தொகுத்த அட்டவணை 1971-ல் வெளிவந்து, 1989-ல் திருத்தம் பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாதிரிகள் எடுத்துச் சோதித்து, 528 உணவுப் பொருள்களுக்கான புதிய அட்டவணையை இந்நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. ரகம், மண், இலையின் முதிர்ச்சி, சோதனை முறை ஆகியவற்றைப் பொறுத்து எண்கள் ஓரளவு கூடும், குறையும். கீழே வரும் எண்கள் 1989-ம் ஆண்டு அட்டவணையை ஒட்டியவை. எல்லாமே சமைக்காத நிலையில், உண்ணக்கூடிய பகுதி 100 கிராமுக்கு உரிய அளவு.

முதலில் முருங்கையையே எடுத்துக்கொள்வோம். முருங்கைக்கீரையில் புரதம் 6.7 கிராம், சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம், கரோட்டின் 6,780 மைக்ரோகிராம், வைட்டமின் சி 220 மில்லிகிராம் உள்ளன. கரோட்டின் என்பது உடலுக்குள் சென்ற பிறகு வைட்டமின் ஏ ஆக மாறும் மஞ்சள் நிறப் பொருள். கீரையில் பச்சை நிறம் அதை மறைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே மரத்தின் காயில் கரோட்டின் 110 மைக்ரோகிராம், சுண்ணாம்புச் சத்து 30 மில்லிகிராம்தான். ஆக, 100 கிராம் இலை தரும் கரோட்டினைக் காயிலிருந்து பெற வேண்டுமானால் ஆறு கிலோ காயின் சதை வேண்டும். கத்தரிக்காயிலிருந்து பெற ஒன்பது கிலோவுக்கு மேல் வேண்டும்!

காயைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. முருங்கைக்காயில் வைட்டமின் சி 120 மில்லிகிராம் உள்ளது. ஆனால் ஒரே மரத்தில், விலை போகும் பகுதி ஒன்று, சத்து மிகுந்த பகுதி வேறொன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றக் கீரைகளும் இளைத்தவை அல்ல. முளைக்கீரையில் கரோட்டின் 5,520 மைக்ரோகிராம், சுண்ணாம்புச் சத்து 397 மில்லிகிராம், வைட்டமின் சி 99 மில்லிகிராம். அகத்திக்கீரையில் புரதம் 8.4 கிராம், சுண்ணாம்புச் சத்து 1,130 மில்லிகிராம், கரோட்டின் 5,400 மைக்ரோகிராம். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நட்ட அகத்தியிலிருந்து கழிக்கும் தழை பெரும்பாலும் மாட்டுக்குத்தான் போகிறது. ரசத்திலிருந்தும் சட்டினியிலிருந்தும் பொறுக்கி இலையோரம் ஒதுக்கும் கறிவேப்பிலையில் கரோட்டின் 7,560 மைக்ரோகிராம், சுண்ணாம்புச் சத்து 830 மில்லிகிராம். கறிவேப்பிலையை யாரும் கைப்பிடி கைப்பிடியாகத் தின்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் துவையலாகவோ பொடியாகவோ செய்தால் ஒதுக்க வழியில்லை.

இனி அன்றாடம் சமைக்கும் காய்களைப் பார்ப்போம். சுரைக்காயில் 96 சதவீதம் நீர். பூசணியிலும் அப்படியே. புடலையில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர். கோடையில் வயிற்றுக்கு இதமானவை, நார்ச்சத்து உள்ளவை, எளிதில் செரிப்பவை. ஆனால் இவற்றைத் தின்று வைட்டமின் ஏ தேடுவது மானாவாரி நிலத்தில் நாற்று விட்ட கதைதான். வெண்டையில் சுண்ணாம்புச் சத்து 66 மில்லிகிராம், கரோட்டின் 52 மைக்ரோகிராம். கத்தரியில் முறையே 18, 74. தக்காளி சற்று மேல். பழுத்த தக்காளியில் கரோட்டின் 351 மைக்ரோகிராம்.

காய்களில் பாராட்டத் தகுந்தவை அவரையும் கொத்தவரையும். அவரைக்காயில் புரதம் 3.8 கிராம், சுண்ணாம்புச் சத்து 210 மில்லிகிராம். கொத்தவரையில் புரதம் 3.2 கிராம், சுண்ணாம்புச் சத்து 130, வைட்டமின் சி 49 மில்லிகிராம். அதிகம் நீர் கேட்காத கொத்தவரைக்குச் சந்தையில் பெரிய மரியாதை இல்லை. வீட்டிலும் சலித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். பாகற்காயில் வைட்டமின் சி 88 மில்லிகிராம் உள்ளது. கசப்புப் போக உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து ஊற்றும்போது அதில் ஒரு பகுதி சாறோடு போய்விடும்.

கிழங்குகளின் வேலை வேறு. மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து 38 கிராம், உருளையில் 22.6 கிராம். இவை பசியை அடக்கும், உழைப்புக்குத் தெம்பு தரும். ஆனால் மரவள்ளியில் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. சோற்றுக்கு உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொள்வது மாவுக்கு மாவைத் தொட்டுக்கொள்வதுதான். கிழங்குகளில் காரட் விதிவிலக்கு. நிறமே சொல்வதுபோல் அதில் கரோட்டின் நிறைய உண்டு. பீட்ரூட்டின் சிவப்பு நிறத்தைப் பார்த்து அதிலும் அப்படியே என்று நினைத்துவிடக் கூடாது. அது வேறு சாயம். கிழங்கில் கரோட்டின் இல்லை. அதன் இலையிலோ 5,800 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ளது. அறுவடையின்போது திருகி வயலிலேயே எறியப்படுவது அந்த இலைதான்.

முட்டைக்கோஸில் வைட்டமின் சி 124 மில்லிகிராம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கரோட்டின் 120 மைக்ரோகிராம்தான். உள்ளே வெயில் படாத வெள்ளை இலைகளில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சத்து மிகுந்த பச்சை மேலிலைகளைக் கடைக்காரரே உரித்துப் போட்டுவிடுகிறார்.

யாருக்கு நஷ்டம்?

இந்த எண்களைத் தெரிந்துகொள்ளாததால் நேரும் நஷ்டம் குழந்தைகள் மீதும் பெண்கள் மீதும்தான் முதலில் விழுகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பொழுது சாய்ந்ததும் குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். தட்டில் இருப்பதைத் துழாவும். கவனிக்காமல் விட்டால் கண்ணின் வெள்ளை வறண்டு, நுரை போன்ற திட்டுகள் தோன்றும். அதற்கும் மேலே போனால் கருவிழி இளகிப் பார்வையே போய்விடும். முன்பு நம் கிராமங்களில் இப்படிக் கண்ணிழந்த குழந்தைகள் ஏராளம். இதைத் தடுக்க, குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் புகட்டும் திட்டம் நாடு முழுவதற்குமாக 1970-ல் தொடங்கப்பட்டது. அவ்வளவு கடுமையான நிலை இன்று அரிதாகிவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் குறைவு இருந்தாலும் குழந்தைக்கு நோயை எதிர்க்கும் சக்தி குன்றுகிறது. அம்மையும் கழிச்சலும் வந்தால் உடம்பு தாங்குவதில்லை. ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை கொடுக்கும் அந்தத் திரவத்தைத் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுப்பதால் கீரை வேண்டாம் என்று ஆகிவிடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2010-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 3,200 மைக்ரோகிராம் கரோட்டின் தேவை, பெரியவர்களுக்கு 4,800. முருங்கைக்கீரை 50 கிராமில் 3,390 மைக்ரோகிராம் இருக்கிறது. அதாவது, சிறு குழந்தையின் ஒரு நாள் தேவை, உருவிய இலை இரண்டு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. வைட்டமின் ஏ கல்லீரலில் சேர்ந்து தங்கக்கூடியது. ஆகவே நாள் தவறாமல் சாப்பிட முடியாவிட்டாலும் வாரத்தில் நான்கு நாள் சாப்பிட்டால் பயன் உண்டு.

அடுத்தது ரத்த சோகை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கும் ரத்த சோகை இருந்தது. களை எடுக்கும்போது மூச்சு வாங்குகிறது, நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது என்று பெண்கள் சொல்வதை வெயிலின் மேல் பழி போட்டுத் தள்ளிவிடுவது வழக்கமாக இருக்கிறது. வெயில் மட்டுமே காரணம் அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கீரை என்றால் இரும்புச் சத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழைய அட்டவணைகளில் முளைக்கீரைக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு காட்டப்பட்டிருந்தது. பின்னர் செய்த சோதனைகளில் அது மூன்றரை முதல் நான்கரை மில்லிகிராம் அளவிலேயே நிற்கிறது. இலையில் ஒட்டிய மண்ணிலும் இரும்பு உண்டு. நன்றாகக் கழுவாத மாதிரியைச் சோதித்தால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். ஆனால் பழைய எண்களே இன்னும் பல துண்டறிக்கைகளில் சுற்றி வருகின்றன. உலர்ந்த முருங்கைத் தூளைப் பச்சை ஆரஞ்சுப் பழத்தோடும் பாலோடும் ஒப்பிட்டு "இத்தனை மடங்கு" என்று எழுதும் வழக்கமும் பெருகிவிட்டது. நீர் போன பொருளை நீருள்ள பொருளோடு ஒப்பிட்டால் எதுவும் பல மடங்காகத்தான் தெரியும். முருங்கை நல்ல கீரை. முந்நூறு நோய்க்கு மருந்து என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு.

கீரையில் உள்ள இரும்பும் முழுவதுமாக உடலில் சேர்வதில்லை. சிறு பகுதிதான் சேர்கிறது. அதைக் கூட்டுவதற்கு வழி இருக்கிறது. அதே வேளை உணவில் வைட்டமின் சி உள்ள பொருள் ஒன்று இருந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். எலுமிச்சைச் சாறு, பச்சை நெல்லிக்காய், கொய்யாப்பழம் எது கிடைத்தாலும் சரி. நெல்லிக்காய் 100 கிராமில் 600 மில்லிகிராமும் கொய்யாவில் 212 மில்லிகிராமும் வைட்டமின் சி உண்டு. ஏகாதசி விரதம் இருப்பவர்கள் மறுநாள் துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துச் சாப்பிடும் வழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அருமை புரியும். மாறாக, சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயல் வேலைக்கு நடுவே சோறும் டீயும் ஒன்றாக வருவதுதான் பழக்கம். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதும்.

ரத்த சோகை உள்ள பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் கீரை மட்டும் போதாது. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். கம்பு, பயறு வகைகள், புலால் உண்பவர்களுக்கு ஈரல், மீன் ஆகியவையும் உணவில் வர வேண்டும். சுண்ணாம்புச் சத்து விஷயத்திலும் ஒன்று உண்டு. பாலக், முளைக்கீரை போன்றவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைக் கட்டிவிடுவதால், அட்டவணையில் காணும் அளவு முழுவதும் எலும்புக்குப் போய்ச் சேராது. ஒரே கீரையை நாள்தோறும் ஆக்காமல் மாற்றி மாற்றி ஆக்குவது நல்லது என்பதற்கு இதுவும் காரணம்.

அரிவாள்மனையிலும் சட்டியிலும் போவது

வயலில் விளைந்த சத்து வாய்க்குப் போவதற்குள் பல இடங்களில் கசிந்துவிடுகிறது. பறித்த கீரை வாட வாட வைட்டமின் சி குறைந்துகொண்டே வரும். நகரத்தில் உள்ளவர் முதல் நாள் பறித்த கீரையைத்தான் வாங்க முடியும். விவசாயக் குடும்பத்துக்கோ உலை கொதிக்கும்போது போய்ப் பறித்து வரும் வசதி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சம்சாரிக்குக் கிடைக்கும் சரக்கு எந்தப் பணக்காரருக்கும் கிடைக்காது.

காய், கீரை எதுவானாலும் முதலில் கழுவிவிட்டுப் பிறகு நறுக்க வேண்டும். பொடியாக நறுக்கிய பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் வைட்டமின் சியும் சில பி வைட்டமின்களும் தண்ணீரோடு போய்விடும். கத்தரிக்காயை நீரில் நறுக்கிப் போடுவதால் பெரிய நஷ்டம் இல்லை. இழப்பதற்கு அதில் அதிகம் இல்லை. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதுதான் பெரிய நஷ்டம். கொஞ்சம் நீர் தெளித்து, மூடி போட்டு, வெந்தவுடன் இறக்க வேண்டும். வடித்த நீர் இருந்தால் ரசத்தில் சேர்க்கலாம். பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சோடா உப்புப் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நிறம் நிற்கும்; வைட்டமின் நிற்காது.

கரோட்டின் அப்படி எளிதில் சூட்டில் அழிவதில்லை. ஆனால் அது எண்ணெயில்தான் கரையும். எண்ணெய்ப் பசையே இல்லாமல் வெறும் நீரில் வெந்த கீரையைச் சாப்பிட்டால் அதிலுள்ள கரோட்டினில் பெரும்பகுதி வீணாகும். ஒரு கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுத் தாளிப்பதும், தேங்காய் துருவிப் போடுவதும் ருசிக்காக மட்டும் அல்ல. துவரம்பருப்போ பாசிப்பருப்போ சேர்த்துக் கடைந்தால் புரதமும் கூடும்.

பிள்ளைக்குக் கீரை ஆகாது, கழிச்சல் கண்டுவிடும் என்று பாட்டிமார் தடுப்பது உண்டு. மண்ணும் தூசியும் போகக் கழுவாத கீரையும், நரம்பு நரம்பாக இருக்கும் முற்றிய கீரையும் குழந்தை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குற்றம் கீரையுடையது அல்ல. ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டத் தொடங்கும்போது, தளிர் இலையை நன்கு வேகவைத்து மசித்து, பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி அளவு சேர்த்துத் தொடங்கலாம். ஒத்துக்கொண்டதும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இன்னொன்று, வீட்டில் கீரை ஆக்கினாலும் குடும்பத் தலைவர் சாப்பிட்டு மீந்தால்தான் மற்றவர்களுக்கு என்ற முறை பல வீடுகளில் இருக்கிறது. கீரையைப் பொறுத்தவரை இந்த முறையைத் திருப்பிப் போட வேண்டும். குழந்தைக்கும் தாய்க்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறலாம்.

வீட்டுக்கென்று இரண்டு மரம்

வீட்டுக்குக் கீரை எடுத்தால் காய் மகசூல் குறையுமே என்று விவசாயி கேட்பது நியாயமே. பூவும் பிஞ்சுமாக நிற்கும் மரத்தில் கிளையை ஒடித்தால் காய் குறையத்தான் செய்யும். அதைவிடப் பெரிய சிக்கல் மருந்து. முருங்கையில் கம்பளிப்புழுவுக்கும் காய் ஈக்கும் மருந்து தெளிக்கிறார்கள். மருந்து பட்ட மரத்தின் இலையைக் கறிக்குப் பறிப்பது ஆபத்து. மறுதாம்புக்கு வெட்டும்போது கிடைக்கும் தழையைக்கூட, அண்மையில் மருந்து அடித்திருந்தால் வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, ஆட்டுக்கும் போடக் கூடாது. பீட்ரூட், முள்ளங்கி இலைகளுக்கும் இதே விதிதான்.

ஆகவே காய்க்கு விட்ட மரங்களோடு கலக்காமல், கிணற்றடியிலோ வீட்டுப் புறக்கடையிலோ இரண்டு மரங்களை இலைக்கென்றே வளர்த்துக்கொள்வது நல்ல வழி. ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மேல் மண்ணோடு மக்கிய தொழு உரம் ஒரு கூடை கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதை ஊன்ற வேண்டும். முளைத்த பின் வீரியமான ஒன்றை நிறுத்திக்கொள்ளலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் விதை மூலம் வருவது, விரைவில் வளர்வது. இரண்டு மாதத்தில் செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாமல் விட்டால் மரம் மேலே போய்விடும். கீரைக்கு ஏணி தேட வேண்டிவரும். பக்கக் கிளைகள் வந்த பிறகு ஒரு மரத்தில் வெட்டும்போது மற்றதைத் தளிர்க்க விட்டு, மாற்றி மாற்றி இடுப்புயரத்தில் கவாத்துச் செய்துவந்தால் இளந்தழை ஓயாது. கம்பளிப்புழுக்கள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் தீப்பந்தம் காட்டிக் கொன்றுவிடலாம். வீட்டு மரத்துக்கு மருந்தே வேண்டாம். வேரில் நீர் தேங்கினால் முருங்கை பட்டுப்போகும். களிமண் நிலமானால் மேடு கட்டி நட வேண்டும்.

முருங்கை மட்டும் போதாது, மாற்றத்துக்கு வேறு கீரையும் வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு 50 கிராம் என்று வைத்தால் நாளைக்குக் கால் கிலோ, வாரத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ கீரை வேண்டும். இதற்கு அரை செண்டு நிலம் தாராளம். அதை நான்கு பாத்தியாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாத்தி வீதம் விதைத்துக்கொண்டு வந்தால், நாலாவது பாத்தி விதைக்கும்போது முதல் பாத்தி பறிப்புக்கு நெருங்கிவிடும். முளைக்கீரை 25 நாளில் வேரோடு பிடுங்கத் தயாராகும். செண்டுக்குப் பத்து கிராம் விதை போதும் என்பதால் ஒரு பாத்திக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அதையும் காய்ந்த மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் கொத்தாக விழாமல் பரவும். விதைத்த பின் எறும்பு இழுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி விதைக்க நேரம் இல்லாதவர்கள் கோ. 3 கிள்ளுக்கீரை ரகத்தை ஒரு பாத்தி போட்டுக்கொள்ளலாம். விதைத்து 20 நாளில் முதல் கிள்ளு கிடைக்கும். அதன் பிறகு மூன்று மாதம் வரை பத்துத் தடவை கிள்ளலாம். பொன்னாங்கண்ணிக்கு விதைகூடத் தேவையில்லை. வாய்க்கால் ஓரம் தண்டைக் கிள்ளி ஊன்றினால் வேர் பிடித்துப் படரும். அதில் சுண்ணாம்புச் சத்து 510 மில்லிகிராம்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகலாம். தரையோடு படரும் கீரைக்குச் சாக்கடை நீர் கூடாது. அதில் வரும் கிருமி கீரையோடு அடுப்படிக்கு வந்துவிடும். வேலி மேல் கோவையும் அவரையும் ஏற்றிவிட்டால் இடம் அடைக்காது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ம் ஆண்டு வழிகாட்டுதல் ஆளுக்கு நாளொன்றுக்குக் காயும் கீரையுமாக 400 கிராம் வேண்டும் என்கிறது. ஐந்து பேருக்கு இரண்டு கிலோ! காசு கொடுத்து வாங்குவதென்றால் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாத அளவு இது. வேலியும் கொல்லையும் கைகொடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

மழைக்காலத்தில் தழை மிகுதியாகக் கிடைக்கும். பின்பனி முடிந்து இலை உதிரும் நாட்களில் தட்டுப்பாடு வரும். மிகுந்ததை உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். இலையைக் கழுவி, நீர் வடிய விட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் துணி விரித்து மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெயிலில் காயப் போட்டால் கரோட்டின் அழிந்து இலை வெளுத்துவிடும். நொறுங்கும் பதம் வந்ததும் பொடித்துச் சலித்து, ஈரம் புகாத டப்பாவில் போட்டு இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். உலர்த்தும்போது வைட்டமின் சியில் பெரும்பகுதி போய்விடும். கரோட்டினில் நல்ல பகுதியும், புரதமும் சுண்ணாம்பும் தங்கும். அடை மாவு, தோசை மாவு, சாம்பார் எதில் வேண்டுமானாலும் ஒரு கரண்டி சேர்க்கலாம். குழந்தைக் கஞ்சியில் ஒரு சிட்டிகை போதும். கூடினால் கசக்கும், பிறகு அந்தக் கஞ்சியையே குழந்தை தொடாது. பொடியில் பூசண வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

முருங்கை, கீரை விதைகளை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோட்டக்கலைக் கல்லூரிகளிலும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டுப் பெறலாம். ஒரு முறை வாங்கினால் மறு முறை வாங்க வேண்டியதில்லை. முளைக்கீரைப் பாத்தியில் வாட்டசாட்டமான பத்துச் செடிகளைப் பிடுங்காமல் விட்டு, கதிர் பழுப்பேறியதும் அறுத்துக் காயவைத்துத் தட்டினால் அடுத்த பட்டத்துக்கு விதை ஆயிற்று. அருகில் வேறு கீரை ரகம் பூத்திருந்தால் கலப்பு நேரும் என்பதால், விதைக்கு விடும் செடிகளைத் தோட்டத்தின் மறு மூலையில் தள்ளி விடுவது நல்லது.